தடுப்பு இறங்குவதற்கு முன்

கடந்த மே மாதத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கு தீராமல் கிடக்கிறது. அண்ணன் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. அக்கா வீட்டில் கூடும்போதெல்லாம் எப்படியோ பேச்சு அங்கே வந்து நிற்கிறது. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக டிசம்பர் 3 அன்று மாவட்டத்துக்கு விடுமுறை விட்டார்களே, அன்றும் மதியச் சாப்பாடு முடிந்து இலை எடுப்பதற்குள் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். வழக்கு இதுதான். ரோலர் கோஸ்டரில் ஏறி உட்கார்ந்துவிட்ட பதினொரு வயதுப் பையன், வண்டி கிளம்பப் போகிற நேரத்தில், "எனக்கு வேண்டாம், இறங்க வேண்டும்" என்று சொல்கிறான். அவனை இறக்கிவிடுவதா, "ஒன்றும் ஆகாது மக்களே" என்று தோளைத் தட்டி அனுப்பி வைப்பதா? அனுப்பியிருக்க வேண்டும் என்பது அண்ணனின் கட்சி. இரண்டு நிமிடத்தில் பயம் தெளிந்து, அவனே மறுபடியும் வரிசையில் போய் நின்றிருப்பான் என்கிறார். நான் இறக்கிவிட்டதுதான் சரி என்கிறேன். அந்தப் பையன் எங்கள் அக்காள் மகன் அப்பு.

நான் ரோலர் கோஸ்டருக்கு எதிரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு அது உயிர். சின்ன வயதில் மண்டைக்காடு கொடைக்குப் போனால், கடற்கரை மணலில் போட்டிருக்கும் ராட்டினத்தை விட்டு என்னை நகர்த்த முடியாது. உச்சியில் போய் ஒரு கணம் நிற்கும்போது ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோப்பு, கீழே பொரிகடலைக் கடைகளின் விளக்குகள். இறங்கும்போது அடிவயிற்றிலிருந்து ஒன்று எழும்பித் தொண்டைக்கு வரும். அதற்காகவே அப்பாவிடம் இன்னொரு டிக்கெட்டுக்குக் காசு கேட்டு அழுவேன். கல்லூரிச் சுற்றுலாவில் முதன்முதலாக ரோலர் கோஸ்டர் ஏறியபோது, இத்தனை நாளாக ராட்டினம் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்ததை ஒருவர் அள்ளிக் கொடுத்துவிட்டதைப் போல் இருந்தது. என் கொழுந்தன் அபுதாபியில் வேலை பார்க்கிறான். யாஸ் தீவில் 2010இல் திறந்த ஃபார்முலா ரோஸா என்ற வண்டி மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும், பாலைவன மணலும் பூச்சியும் கண்ணில் அடிக்காமலிருக்க எல்லோருக்கும் கண்ணாடி கொடுத்துத்தான் ஏற்றுவார்கள் என்று அவன் சொன்ன நாளிலிருந்து, எப்போதாவது அங்கே போக வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

எந்த வண்டியில் ஏறினாலும் கடைசி வரிசையைத்தான் கேட்டு வாங்குவேன். முன்வரிசைக்கு ஆட்கள் அடித்துக்கொள்வார்கள். முன்னால் இருந்தால் பள்ளம் கண்ணுக்குத் தெரியும், அது உண்மை. ஆனால் முன்பெட்டி மேட்டின் உச்சியைக் கடக்கும்போது பின்பெட்டிகளின் எடை அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும், அதனால் மெதுவாகத்தான் கவிழும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வருவதற்குள் முன்னால் போன பெட்டிகள் எல்லாம் பள்ளத்தில் பாய்ந்திருக்கும். நம்மை உச்சியிலிருந்து பறித்து இழுத்துக்கொண்டு போகும். அந்த நொடியில் இருக்கை நம்மைத் தாங்குவதை நிறுத்திவிடுகிறது. குடலும் இரைப்பையும் எடை இழந்து மிதக்கின்றன. நான் காசு கொடுப்பது அந்த ஒரு நொடிக்காகத்தான்.

அப்படிப்பட்ட நான் ஏன் ஒரு பையனின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்காக இத்தனை மாதம் வாதாடுகிறேன் என்று அண்ணனுக்கு விளங்கவில்லை. எனக்குப் பிடித்த அந்த நொடி, விரும்பாத ஒருவருக்கு என்னவாக இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால்தான்.

கொச்சிப் பயணம்

மார்த்தாண்டத்திலிருந்து இரவோடு இரவாக வேன் பிடித்துக் கொச்சிப் பக்கம் இருக்கும் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். எங்கள் பகுதியில் பள்ளிக்கூடமானாலும் குடும்பமானாலும் ஒருநாள் உல்லாசம் என்றால் வடக்கே கேரளத்துக்குத்தான் வண்டி திரும்பும். அக்கா இட்லியில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி இலையில் கட்டியிருந்தாள். ஏத்தங்காய் உப்பேரி ஒரு பெரிய டின் நிறைய. உள்ளே வெளிச்சாப்பாட்டை விட மாட்டார்கள் என்பதால், வாசலுக்கு வெளியே வேன் நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்கப் போனோம். பிள்ளைகளுக்கு ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை. கண்ணெல்லாம் மரங்களுக்கு மேலே தெரிந்த தண்டவாள வளையத்தில்தான் இருந்தது.

அப்பு பயந்தாங்கொள்ளி இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அன்றைக்குப் பிறகு சொந்தத்தில் பலர் அவனுக்கு அந்தப் பட்டத்தைக் கட்டப் பார்த்தார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் நடைபாதையில் அவன் போகிற போக்கைப் பார்த்தால் எனக்கே வயிறு கலங்கும். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், எதையும் பிடிக்காமல், கீழே குளிக்கிறவர்களை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு போவான். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவில் 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் போட்டார்களே, அதில் பெரியவர்கள் கைப்பிடியை விடாமல் ஊர்ந்தபோது, இவன் நட்டநடுவில் குப்புறப் படுத்துக் கீழே அலையைப் பார்த்தான். உயரம் அவனுக்குப் பயமில்லை. விழுவது போன்ற உணர்வுதான் அவனுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஊஞ்சலில்கூட ஓர் அளவுக்கு மேல் ஆட மாட்டான். உயரமும் விழுதலும் ஒன்று என்று நினைப்பவர்கள், பாலத்தில் நடந்தவன் இதில் ஏற மாட்டானா என்று கேட்கிறார்கள். உட்செவிக்குள் சுண்ணாம்புச் சத்தாலான நுண்மணிகள் இருக்கின்றன. உடல் திடீரென்று மேலே கீழே போகும்போது அவை நகர்ந்து மூளைக்குத் தகவல் சொல்கின்றன. அந்தத் தகவலை எல்லா உடம்பும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்வதில்லை. பஸ்ஸில் நெடும்பயணம் போகும் எந்தக் குடும்பத்துக்கும் இது தெரியும். ஒரே இருக்கையில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டு வரும், பக்கத்திலிருக்கும் பிள்ளை வாந்தி எடுக்கும்.

வரிசை நீளமாக இருந்தது. வளைந்து வளைந்து போகும் கம்பிகளுக்கு நடுவில், கொச்சியின் மே மாதப் புழுக்கத்தில், நனைந்த உடைகளோடு ஊர்ந்துகொண்டிருந்தோம். அப்பு முதலிலேயே, நான் கீழே நின்று பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னான். மெதுவாக, யாருக்கும் தொந்தரவு இல்லாத குரலில். அதற்கு அண்ணன் சிரித்தார். "பையைப் பார்க்கவா உன்னை இத்தனை தூரம் கூட்டிக்கொண்டு வந்தேன்? ஆண்பிள்ளைதானே நீ?" தாய்மாமன் கேட்ட கேள்வி. எங்கள் பக்கத்தில் தாய்மாமனுக்கு உள்ள இடம் உங்களுக்குத் தெரியும். அப்பு ஒன்றும் பேசவில்லை. கூட வந்த அண்ணன் மகள், அவனைவிட இரண்டு வயது சிறியவள், "நானே ஏறுகிறேன், அத்தானுக்குப் பயம்" என்று பாட ஆரம்பித்தாள். முன்னால் நின்ற ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நான், "அவன் வேண்டாம் என்றால் விடுங்களேன் அண்ணே" என்றேன். "நீ சும்மா இரு, எல்லாம் சரியாகிவிடும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையான வாஞ்சைதான் இருந்தது. மருமகன் நல்லதொன்றைத் தவறவிட்டுவிடக் கூடாது என்கிற தவிப்பு.

மேடைக்குப் போகிற படிக்கட்டின் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. இதய நோய், ரத்த அழுத்தம், முதுகெலும்புக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக் கூடாது, இத்தனை உயரத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. அப்பு அதை ஒருமுறைக்கு இருமுறை படித்தான். தனக்குப் பொருந்துகிற ஒரு வரியைத் தேடினான் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. அளவுகோலில் அவன் உயரம் தேறிவிட்டது. அங்கே நின்ற பெண் கையைக் காட்டி மேலே போகச் சொன்னாள்.

அண்ணனும் அப்புவும் நடுவில் ஒரு வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால். தோளுக்கு மேலிருந்து தடுப்பு இறங்கி நெஞ்சில் அமர்ந்தது. கிளிக் என்ற சத்தம் வரிசை வரிசையாகக் கேட்டது. ஊழியர்கள் இரண்டு பேர் இரு பக்கமும் வந்து ஒவ்வொரு தடுப்பையும் இழுத்துப் பார்த்தார்கள். எங்கள் பக்கம் வந்தவருக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மலையாளி. அப்புவின் தடுப்பை இழுத்துப் பார்த்தவர் அடுத்த இருக்கைக்கு நகரவில்லை. பையன் முகத்தைப் பார்த்தார். அப்புவின் முகம் எனக்குத் தெரியவில்லை, காது மட்டும் தெரிந்தது. வெளுத்திருந்தது. "மோனே, பேடியுண்டோ?" (மகனே, பயமா?) என்று கேட்டார். அண்ணன் முந்திக்கொண்டு, "ஒன்றுமில்லை, முதல் தடவை, அவ்வளவுதான்" என்றார். அந்த ஊழியர் அண்ணனைப் பார்க்கவே இல்லை. குனிந்து, தன் முகத்தைப் பையனின் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, தமிழும் மலையாளமும் கலந்து, "நீ சொல்லு. போக வேண்டுமா, இறங்க வேண்டுமா?" என்று கேட்டார். அப்பு, "இறங்க வேண்டும்" என்றான். குரல் தெளிவாக இருந்தது. அன்று காலையிலிருந்து அவ்வளவு தெளிவாக அவன் எதையும் சொல்லியிருக்கவில்லை.

ஊழியர் கையை உயர்த்திக் கட்டுப்பாட்டு அறைக்குச் சைகை காட்டினார். வண்டியிலிருந்த எல்லோருடைய தடுப்பும் ஒன்றாகத் திறந்தது. ஒரு பையனுக்காக அத்தனை பேரும். பின்னாலிருந்து முணுமுணுப்பு எழுந்தது, யாரோ விசில் அடித்தார்கள். மறுபடியும் ஒவ்வொரு தடுப்பையும் இறக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும். வெளியே வெயிலில் அத்தனை பெரிய வரிசை. அவருக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. எதிர்ப்பக்கம் வெளியேறும் வழியைக் காட்டி, அப்புவின் முதுகில் ஒருமுறை கைவைத்தார். நானும் எழுந்து அவனோடு இறங்கினேன். அண்ணன் இறங்கவில்லை. அவர் பக்கத்து இருக்கை காலியாகவே போயிற்று.

அந்த ஊழியரின் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் தடுப்பைச் சரிபார்க்கிற வேலைக்குள் முகத்தைப் பார்ப்பதும் சேர்ந்தது என்று அவருக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அல்லது அவராகவே கற்றுக்கொண்டிருக்கிறார். பலகையில் எழுதாததை அவர் படித்தார்.

பாட்டாவின் பனை

என் அப்பாவின் அப்பா பனையேறி. எங்கள் விளையில் நின்ற பனைகளும் பக்கத்து விளைகளில் குத்தகைக்கு எடுத்த பனைகளுமாக, சீசனில் காலையும் மாலையும் ஏறுவார். அடிமரத்தில் முருக்குத்தடியைச் சாய்த்து, காலில் தளையைப் போட்டு, இடுப்பில் பாளை அரிவாளோடு அவர் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஓலைக்கு நடுவில் பாதம் மட்டும் தெரியும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கும் பதநீரை நாங்கள் அக்கானி என்போம்; அதை இறக்கிக்கொண்டு வருவார், பாட்டி விடிலி என்கிற காய்ச்சும் குடிசையில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவாள். அவருக்கு எந்தத் தடுப்பும் கிடையாது. மேலே பட்டை வழுக்கினால் அவ்வளவுதான். தெரிந்த பனையேறிகள் விழுந்து இடுப்பொடிந்து கிடந்ததும், செத்ததும் எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த கதை.

மரம் நனைந்திருந்தால் பாட்டா ஏற மாட்டார். எத்தனை பாளை வீணானாலும் சரி. மழை விட்டு வெயில் அடித்த பிறகும், மரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, சில நாள் திரும்பி வந்துவிடுவார். "இன்றைக்கு மனது ஒத்துக்கொள்ளவில்லை" என்பார், அவ்வளவுதான். பாட்டியும் ஏன் என்று கேட்க மாட்டாள். அன்று விடிலியில் அடுப்பு எரியாது, மறுநாள் சந்தைக்குக் கருப்பட்டி போகாது, கையில் காசு இருக்காது. ஆனாலும் கேட்க மாட்டாள்.

என் சித்தப்பாவைப் பதினாறு வயதில் மரம் ஏறப் பழக்கினார்கள். பாதி மரம்வரை ஏறியவர் அங்கேயே இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மேலும் போகவில்லை, கீழும் வரவில்லை. பாட்டா அடியில் நின்று, சத்தம் போடாமல், எந்தக் காலை முதலில் இறக்க வேண்டும், கையை எங்கே மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி இறக்கினாராம். இறங்கியதும் தளையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒருநாளும் அவரை மரம் ஏறச் சொன்னதில்லை. தேநீர்க் கடையில் ஒருவர், "பனையேறி மகனுக்கு மரம் பயமா?" என்று கேட்டுச் சிரித்தபோது பாட்டா திருப்பிக் கேட்டதை அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார்: "அவன் விழுந்தால் நீயா வந்து தூக்குவாய்?" சித்தப்பா பிறகு குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனார். விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு, தரையில் நின்று செய்கிற வேலை. அதில் அவர் கைத்திறனுக்கு நல்ல பெயர் இருந்தது.

ஆபத்து நிஜமாக இருந்த இடத்தில் யாரும் யாருடைய பயத்தையும் கேலி செய்யவில்லை, செய்தவரை வாயடைக்கவும் செய்தார்கள். எங்கள் கடற்கரை ஊர்களிலும் அப்படித்தான். ஆனி ஆடிக் கடலைப் பார்த்துவிட்டு இன்று வள்ளம் இறக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அவரைக் கோழை என்று சொல்கிற வாய் கரையில் இருக்காது. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. கேலி எங்கே வருகிறது என்றால், ஆபத்து இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வருகிறது. வண்டி பத்திரமானது, சக்கரங்கள் தண்டவாளத்தைப் பிடித்திருக்கின்றன, அப்புறம் என்ன பயம்? பயத்துக்குக் காரணம் காட்டச் சொல்லுகிறோம். காரணம் இல்லாத பயத்துக்கு மரியாதை இல்லை என்று ஆக்கிவிடுகிறோம். பாட்டா "மனது ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொன்ன நாளில், மரம் காய்ந்துதான் இருந்தது.

அண்ணனின் வாதம்

அண்ணன் பேசுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவரை ஒருநாள் மாமா ஒருவர் குளத்தில் தூக்கிப் போட்டுத்தான் நீச்சல் பழக்கினார். தண்ணீர் குடித்து, அழுது, பிறகு நீந்தி, இன்றைக்குத் திற்பரப்பில் அவரை அருவிக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டு வர நான்கு பேர் வேண்டும். "அன்று என்னைக் கேட்டிருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்" என்கிறார். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டாம் என்பார்கள், அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டார்கள் என்கிறார். நான் ஆசிரியை. மேடையில் பேச மாட்டேன் என்று அழுத பிள்ளைகளை நானே ஏற்றிவிட்டிருக்கிறேன். அவர்களில் பலர் இறங்கும்போது சிரித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள்.

ஆனால் மேடையில் ஏறிய பிள்ளைக்குப் பாதியில் பேச்சு நின்றுபோனால் இறங்கி வந்துவிடலாம். நான் கீழே நிற்பேன், அவளைச் சேர்த்துக்கொள்வேன். குளத்தில்கூட, தூக்கிப் போட்ட மாமா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்திருப்பார். ரோலர் கோஸ்டரின் அமைப்பு வேறு. வண்டிக்குள் மோட்டார் கிடையாது. பெரும்பாலானவற்றில் சங்கிலி ஒன்று கொக்கியில் மாட்டி வண்டியை முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே விட்டுவிடுகிறது. அதன் பிறகு எல்லாம் புவியீர்ப்புதான், கடைசியில் பிரேக் வருகிறவரை. ஏறும்போது டக், டக், டக் என்று கேட்குமே, சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமலிருக்க ஒரு பல்லும் கட்டையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கிற சத்தம் அது. திரும்பி வர முடியாதபடி செய்வதுதான் அதன் வேலை. பாதுகாப்புக்கு அது வேண்டும். அதனாலேயே, மனதை மாற்றிக்கொள்ள உள்ள கடைசி இடம் மேடைதான். உள்ளே போன பிறகு பையன் கத்தினால் அந்தக் கத்தலுக்கும் மகிழ்ச்சியில் கத்துகிறவர்களின் கத்தலுக்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியாது. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது.

இந்த வண்டிகளின் வரலாற்றைப் படித்தால், உடம்பு முடியாது என்று சொன்னதைக் கேட்டுத்தான் அவை வளர்ந்திருக்கின்றன என்று தெரிகிறது. நியூயார்க்கின் கோனி தீவில் 1884இல் லாமார்கஸ் தாம்சன் போட்ட முதல் வண்டி ஏறக்குறைய 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் போயிற்று. அதே தீவில் 1895இல் தலைகீழாகச் சுற்றும் வண்டி ஒன்று வந்தது, ஃபிளிப் ஃபிளாப் என்று பெயர். 25 அடி விட்டத்தில் சுத்த வட்டமாக வளையம் போட்டிருந்தார்கள். நேராக வருகிற வண்டி சட்டென்று வட்டத்துக்குள் நுழையும்போது உடம்பின் எடை பல மடங்காகிக் கழுத்தில் இறங்கியது. ஏறியவர்கள் கழுத்துவலியோடு போனார்கள். 1901இல் வளையத்தை முட்டை வடிவமாக்கி இன்னொருவர் முயன்றார். வேடிக்கை பார்க்கவே காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள் உண்டு, வண்டியில் ஏறினவர்கள் போதவில்லை. பிறகு நீண்ட காலம் யாரும் வளையத்தின் பக்கம் போகவில்லை. 1976இல் கலிஃபோர்னியாவில் ஆன்டன் ஷ்வார்ட்ஸ்காப் கட்டிய வண்டிக்கு வெர்னர் ஸ்டெங்கல் என்ற பொறியாளர் வளையத்தை நீர்த்துளி வடிவில் வரைந்து கொடுத்தார். அடியில் அகன்ற வளைவு, உச்சிக்குப் போகப் போகக் குறுகும். எடை படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும். இன்று நாம் சிரித்துக்கொண்டே தலைகீழாகப் போவது அந்த வடிவத்தினால்தான். சக்கரங்களும் அப்படித்தான்: தண்டவாளத்தின் மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று. அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் காப்புரிமை வாங்கியது 1919இல். வண்டி எழும்பிப் பறந்துவிடாமல் பிடித்துக்கொள்வது அது.

இதை அண்ணனிடம் சொன்னபோது, "அப்படியானால் இன்னும் பத்திரம்தானே, பிறகு ஏன் இறங்க வேண்டும்?" என்றார். அவரிடம் சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது, அதை அன்று எல்லோர் முன்பும் சொல்லிவிட்டேன். "பாதியில் நிறுத்த முடியாத ஒன்றில் ஏற்றுவதற்கு முன்னால் வருகிற 'வேண்டாம்' முழுப் பதில் அண்ணே. அதற்குக் காரணம் கேட்கக் கூடாது." அக்கா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நினைவு வந்தது என்று எனக்குத் தெரியும். சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசியபோது, அவள் வேண்டாம் என்று சொன்னதற்கு இதே சிரிப்பைத்தான் சிரித்தார்கள். இதே "எல்லாம் சரியாகிவிடும்" தான். அதே வாஞ்சைதான். அவள் கதையை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. அண்ணன் அன்று மேற்கொண்டு பேசவில்லை. ஒத்துக்கொண்டார் என்றும் சொல்ல மாட்டேன், பொங்கலன்று மறுபடியும் குளத்துக் கதையை எடுத்தார்.

கீழே நிற்கிறவர்கள்

அன்று இறங்கி வந்த பிறகு நானும் அப்புவும் வேலியோரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வண்டி தலைக்கு மேலே இரைந்துகொண்டு போயிற்று, அண்ணன் இரண்டு கையையும் தூக்கியிருந்தார். "சித்தி, நீ போயிருக்கலாமே" என்றான். பிறகு போகிறேன் என்றேன். மதியத்துக்குப் பிறகு கூட்டம் குறைந்ததும் போனேன், கடைசி வரிசையில். இறங்கி வந்தபோது அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். முதல் மேட்டைவிட அடுத்த மேடுகள் ஏன் ஒவ்வொன்றாகச் சிறிதாகிக்கொண்டே போகின்றன என்று கேட்டான். உராய்விலும் காற்றிலும் ஆற்றல் குறைந்துகொண்டே வரும், முதல் மேட்டில் கிடைத்ததுதான் மொத்தச் சொத்து என்றேன். தரையில் ஒரு குச்சியால் மேடுகளை வரைந்து பார்த்தான். அண்ணன் ஐஸ்கிரீமோடு வந்து, ஒன்றும் சொல்லாமல், பெரியதை அவன் கையில் கொடுத்தார்.

இந்த ஜனவரியில் எங்கள் பள்ளியிலிருந்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே பூங்காவுக்குப் போனோம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே தலைமை ஆசிரியரிடம் ஒன்று கேட்டு அனுமதி வாங்கினேன். எந்தெந்த வண்டியில் ஏற விருப்பம், எதில் விருப்பம் இல்லை என்று ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகச் சீட்டில் எழுதித் தர வேண்டும். வகுப்பில் கை தூக்கச் சொல்லக் கூடாது, கை தூக்கச் சொன்னால் பக்கத்துப் பையனைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். பூங்காவில் போய் மனம் மாறினால், ஏறலாம் என்றாலும் இறங்கலாம் என்றாலும், மாற்றிக்கொள்ளலாம். வரிசையில் யாராவது யாரையாவது கேலி செய்தால் கேலி செய்தவருக்கு அந்த வண்டி இல்லை. சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். வகுப்பில் எல்லோரையும் ஆட்டிவைக்கிற ஒருவன் ரோலர் கோஸ்டர் வேண்டாம் என்று எழுதியிருந்தான். வாயைத் திறக்காத ஒரு பெண்பிள்ளை எல்லாவற்றிலும் ஏற வேண்டும் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

கீழே நிற்கிற பிள்ளைகளோடு ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும், அவர்களை வெறும் பைக்காவலாக விட்டுவிடக் கூடாது என்பதும் என் ஏற்பாட்டில் ஒன்று. ஆசிரியர் அறையில் அதற்கு யார் என்று கேட்டபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர்தான் கையைத் தூக்கினார். மாவட்ட அளவில் கபடி ஆடியவர், ஆறடிக்கு மேல் உயரம். "நான் நிற்கிறேன் டீச்சர். எனக்கு ராட்டினம்கூட ஆகாது. இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றார்.